வருஷத்தில் ஒரு நாள் ஒரே வள்ளத்தில்

(மதுரையில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்தில் பேசியது, பேச்சின் போக்கு கெடாமல் எழுதப்பட்டது)

பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம். கச்சத்தீவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே முன்வரிசை நிமிர்ந்து உட்காருகிறது, அரசியல் வரப்போகிறது என்று. கொஞ்சம் வரும், தவிர்க்க முடியாது. ஆனால் நான் சொல்ல வந்தது என் அப்பாவும் அம்மாவும் ஒரே வள்ளத்தில், அதாவது எங்கள் பாய்மரப் படகில், உட்கார்ந்த கதை.

மதுரைப் பிள்ளைகளுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். புருஷன் பெண்டாட்டி ஒரு வண்டியில் போவது ஒரு செய்தியா? ராமேஸ்வரம் தீவில், எங்கள் தங்கச்சிமடம் பக்கத்தில் அன்றைக்கு அது செய்தி. தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் பொம்பளை ஏறக் கூடாது. வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தை மிதித்தாலே மீன் படாது என்பார்கள். அப்பா கடலில், அம்மா கரையில். இப்படியே இருபத்தைந்து வருஷக் குடித்தனம்.

கரையில் அம்மா சும்மா இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். அப்போது நூல் வலை. உப்புத் தண்ணீரில் மக்காமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப்போட வேண்டும். அம்மாவின் விரல் நகங்கள் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். மீனை ஏலத்தில் விட்டு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதும் அவள் கண் முன்னால்தான். எங்கள் வீட்டுக்கு எவ்வளவு கடன் இருந்தது என்று அப்பா சாகும்வரை அவருக்குத் தெரியாது. கேட்டால், "அது ஒங்க ஆத்தாளுக்குத்தான் தெரியும்" என்பார், ஏதோ சாமியார் போல.

வள்ளத்துக்குப் பாய் தைத்ததும் அம்மாதான். பழுப்பேறிக் கறுத்துப்போன காடாத்துணிப் பாய். ஒரு வருஷம் நடுவில் கிழிந்துபோக, கையில் கிடைத்த புதுத் துணியில் முழ அகலத்துக்கு ஒரு வெள்ளை ஒட்டுப் போட்டாள். அதன் பிறகு சாயங்காலம் கரையில் நின்றால், இருபது பாய் வரிசையாக வரும்போது அந்த வெள்ளையைத்தான் அவள் கண் தேடும். தெரிந்தவுடன் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடுவாள். வள்ளம் கரை சேரும்வரை ஒரு நாளும் நின்றதில்லை.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் தளர்கிற ஒரே நாள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா.

அந்தோணியார் லிஸ்பனில் பிறந்து 1231-ல் இத்தாலியின் பதுவா நகரில் இறந்தவர். மனிதர்கள் காது கொடுக்காதபோது ரிமினிக் கரையில் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பது மரபு. மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டனவாம். எங்கள் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. உலகம் அவருக்கு ஜூன் 13-ல் விழா எடுக்கிறது. கச்சத்தீவில் மட்டும் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். ஏன் என்று நான் எந்தக் காகிதத்திலும் தேடவில்லை. ஜூனில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற கடலைப் பார்த்தவனுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். மாசியில் வடகிழக்கு வாடை தளர்ந்திருக்கும், கச்சான் கிளம்பியிருக்காது. குழந்தை குட்டியோடு போக அந்த இடைவெளிதான் வாய்ப்பு. அது தவக்காலமாகவும் அமைந்துவிடுவதால் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர், மறுநாள் காலை பெரிய திருப்பலி என்று இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

தீவு 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது. குடத்தில் கொண்டுபோனதுதான் தண்ணீர். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து மீனவர் ஒருவர் அந்தக் கோயிலைக் கட்டினார். பூசை வைக்கத் தங்கச்சிமடத்திலிருந்து சாமியார் போவார். அந்தக் காலத்தில் அது யார் தீவு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்தோணியார் தீவு, அவ்வளவுதான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ராத்திரிச் சோறு முடித்து வள்ளம் கிளம்பியது. கச்சத்தீவு எங்களுக்கு வடகிழக்கே. தளர்ந்த வாடையும் முகத்தில்தான் அடித்தது. பாய் வைத்து நேரே போக முடியாது. காற்றைப் பக்கவாட்டில் வாங்கி இந்தப் பக்கம் ஒரு ஓட்டம், பாயை மாற்றி அந்தப் பக்கம் ஒரு ஓட்டம், ராத்திரி முழுக்க. சித்தப்பா வெளியே நீட்டிய பலகையில் ஏறி நின்று எடை கொடுத்தார். அப்பா பின்பக்கம் அமரத்தில் சுக்கானோடு, பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, ராஜா மாதிரி இருந்தார்.

அம்மா? வாந்தி. கடலோரத்தில் பிறந்து கடலோரத்திலேயே கிழவியாகப் போகிறவள் அணியத்துப் பக்கம் சுருண்டு கிடந்தாள். சுற்றி வருகிற வள்ளங்களில் பார்த்துவிடுவார்களே என்று அப்பாவுக்கு வெட்கம். "கரையப் பாரு புள்ள, கரையப் பாரு" என்றார். நடுக்கடலில், நடு ராத்திரியில், எந்தக் கரையை?

விடியும்போது அவள் தலையைத் தூக்கினாள். முதல் தடவையாக அந்தப் பாயை உள்ளேயிருந்து, காற்று நிறைந்து புடைத்த பாயாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். "ஏங்க, ஒட்டு ஒரு ஓரமா பிரியுது. இதோடயா இத்தன நாள் கடலுக்குப் போனீங்க?" என்றாள்.

தீவில் இறங்கியதும் பாயை அவிழ்த்துத் துடுப்புகளின் மேல் விரித்துப் பந்தல் போட்டோம். எல்லாரும் அப்படித்தான்; கடற்கரை நெடுக, வந்த பாய்களே கூடாரம். ஊர் சிலுவைப்பாதைக்குப் போனபோது அம்மா பந்தலுக்கு அடியில் அண்ணாந்து உட்கார்ந்து வலை ஊசியால் ஒட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். இலங்கையின் நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய சின்னம்மா தேடி வந்தார். "என்ன பிள்ளை, கோயிலுக்கு வந்தும் தையலோ? நல்லா மெலிஞ்சு போனாய்" என்றார். பிறகு இருவரும் மாற்றி மாற்றித் தைத்தார்கள். எங்களிடமிருந்து புடவை, லுங்கி. அவர்களிடமிருந்து சோப்பு, தேங்காய் எண்ணெய். கல்யாணப் பேச்சும் நடந்தது. திரும்பும்போது காற்று முதுகில்; மூன்று மணி நேரத்தில் வீடு.

இனி அந்தக் கொஞ்ச அரசியல். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. அதன் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே வந்துபோகலாம், பயண ஆவணமோ விசாவோ கேட்கப்பட மாட்டாது என்கிறது. எழுத்து இருக்கிறது, ஆனால் போர் வந்தபின் போக ஆளில்லை. திருவிழா நின்றுபோன அந்த ஆண்டுகளில், மாசி மாதம் அம்மா வடகிழக்கைப் பார்த்து மணலில் ஒரு மெழுகுவர்த்தி வைப்பாள். காற்று அணைத்துவிடும். மறுபடி ஏற்றுவாள்.

2009-ல் போர் முடிந்து கூட்டம் மறுபடி சேர்ந்தது. 2016 டிசம்பரில் புதுக் கோயிலும் திறந்தார்கள். ஆனால் 2024-ல் எங்கள் மீனவர்கள், இலங்கையில் கைதான தங்கள் ஆட்களுக்காகத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அந்தக் கோபம் நியாயம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னம்மாவின் பேரன் ஒரு திருவிழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்கட இழுவைப் படகு எங்கட வலையை அள்ளிக்கொண்டு போகுது. நாங்கள் யாரிட்டச் சொல்லுறது?" என்று கேட்டான். எனக்கு அங்கே பதில் வரவில்லை. இந்த மேடையிலும் என்னிடம் பதில் இல்லை.

அப்பா இல்லாத பிறகு அம்மா ஒரே ஒரு தடவை போனாள். பேர்ப் பட்டியல், அடையாள அட்டை, உயிர்காப்புச் சட்டை, வழியில் கடலோரக் காவல் படையின் சோதனை. விசைப்படகு, சொந்தக்காரப் பையன்தான் ஓட்டுகிறான். எஞ்சின் சத்தத்தில் அவள் அங்கும் இங்கும் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, பாய் எங்கய்யா?" என்று கேட்டாள்.

"பாயா? அசதியா இருக்கா ஆச்சி? இந்தா" என்று ஒரு பிளாஸ்டிக் பாயை எடுத்து விரித்துப் போட்டான்.

அம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதிலேயே படுத்துக்கொண்டாள்.