கால் வைக்கும் முன்: தென்துருவக் கல்விக் கப்பல்கள் பற்றி

(இயற்கை ஆர்வலர் மன்ற ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மன்றத் தலைவர் அவர்களே, விழாவுக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இத்தனை பணிச்சுமைக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட வன அலுவலர் அவர்களே, மைக்குக்கும் மின்விசிறிக்கும் அலைந்து ஏற்பாடு செய்த பொருளாளர் அவர்களே, விலங்கியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். வன அலுவலர் அவர்கள் கடைசிவரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இன்று மூன்று செய்திகள். ஒன்று கப்பல், இரண்டு கரையிறங்கும் முறை, மூன்று அந்தக் கப்பல்களில் பயணிகளே செய்யும் அறிவியல். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

காசு கொடுத்த பயணிகளைப் படிப்பும் பயணமுமாக அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப்போகும் வழக்கத்தை 1966இல் தொடங்கியவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். 1969இல் அதற்கென்றே ஒரு சிறிய கப்பலைக் கட்டினார். சுமார் நூறு பயணிகள், கூடவே பறவை, பனிப்பாறை, வரலாறு சொல்ல அறிஞர்கள், கரைக்குப் போக ரப்பர் படகுகள். இன்றைக்கும் அச்சு அதுதான். பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்தில் கிளம்பி, டிரேக் கடலிடுக்கை ஏறக்குறைய இரண்டு நாளில் கடந்து, அண்டார்க்டிகத் தீபகற்பத்தை அடைகின்றன. பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. 2023-24 பருவத்தில் போனவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல்.

அந்த முதல் சிவப்புக் கப்பலின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெயர் எக்ஸ்ப்ளோரர். 2007 நவம்பர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். இடம் கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே, பிரான்ஸ்ஃபீல்டு நீரிணை. உள்ளே பயணிகளும் ஊழியர்களுமாக 154 பேர். கப்பல் பனிக்கட்டிகள் நிறைந்த கடலுக்குள் போகிறது. போகலாம், தப்பில்லை. பனியில் போகக் கட்டிய கப்பல்தான். ஆனால் பனி என்றால் ஒரே பனியா? கடல்நீர் அந்த ஆண்டு உறைந்து உண்டானது ஒருவகை. அதற்குள் உப்புநீர்ப் பைகள் இருக்கும், மோதினால் உடையும். மலைமேல் பல நூறு ஆண்டுகள் பனி விழுந்து அழுந்தி, காற்றெல்லாம் பிதுங்கி, பனியாறாக இறங்கிக் கடலில் விழுவது இன்னொரு வகை. முன்னது வெல்லக்கட்டி என்றால் பின்னது கருங்கல். இரவு வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான்! கப்பல் தலைவர் முதல்வகை என்று நினைத்தார், உண்மையில் அது நிலத்துப் பனி என்றது பின்னால் வந்த விசாரணை அறிக்கை. பக்கவாட்டில் கிழிந்தது, தண்ணீர் புகுந்தது, மின்சாரம் போனது. எல்லோரையும் உயிர்காப்புப் படகுகளிலும் ரப்பர் படகுகளிலும் இறக்கினார்கள். முழுக்க மூடாத படகுகள். உறைகுளிரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். யார் வந்தது? அருகே இன்னொரு பயணத்தில் இருந்த நார்வேக் கப்பல் நோர்ட்நோர்கே. 154 பேரையும், ஒருவர் விடாமல், ஏற்றிக்கொண்டது. (கைதட்டலாம், தப்பில்லை.) மாலைக்குள் எக்ஸ்ப்ளோரர் மூழ்கிவிட்டது. பழமொழி கப்பலுக்கும் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

அன்று கடல் கொந்தளித்திருந்தால் கதை வேறு. அதனால்தான் இன்று கப்பல்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே போகின்றன. 2011 ஆகஸ்டு முதல் அந்தக் கடலில் கனரக எரியெண்ணெய்க்குத் தடை. கொட்டினால் குளிரில் கெட்டிப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பது காரணம். 2017இல் துருவக் கடல்களுக்கென்று தனிச் சட்டத்தொகுப்பும் வந்தது. கப்பல் போதும்.

இனிக் கரை. இதுதான் நான் சொல்ல வந்தது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அறை எப்படி என்பது அல்ல, மொத்தம் எத்தனை பேர் என்பது. இருநூறு பேர் என்றால் பாதிப்பேர் கரையில், பாதிப்பேர் படகில் சுற்றிக்கொண்டு, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். நானூறு என்றால் உங்கள் கரைநேரம் அதற்கேற்பச் சுருங்கும். விளம்பரப் படங்களில் இந்தக் கணக்கு இருக்காது.

இறங்குவதற்கு முந்தைய நாளே சோதனை. பையின் மூலை, கால்சட்டையின் மடிப்பு, வெல்க்ரோ எனும் ஒட்டுப்பட்டையின் முடி, கேமரா முக்காலியின் கால், எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியாலும் தூரிகையாலும் இடுக்கியாலும் துழாவுவார்கள். தேடுவது விதை. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டு ஆர்க்டோவ்ஸ்கி ஆய்வுநிலையத்தின் அருகே 1980களில் முளைத்த ஒரு சாதாரணப் புல்லை ஒழிக்க இன்னும் பாடுபடுகிறார்கள். ஒட்டுப்பட்டைதான் பெரிய குற்றவாளி. பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் போகும்போதும் கழுவ வேண்டும், வரும்போதும் கழுவ வேண்டும். அடிப்பள்ளத்தில் சிக்கிய கூழாங்கல்லைக் கிளறி எடுக்காமல் தொட்டியில் நனைத்து மட்டும் பயனில்லை. பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா வட்டாரத்தையும், அடுத்த பிப்ரவரியில் தீபகற்பத்தையும் எட்டிய பிறகு, கரையில் உட்காருவது, மண்டியிடுவது, பையைத் தரையில் வைப்பது எல்லாம் கூடாது.

முதலில் இறங்குவது வழிகாட்டிகள். கூடாரம், உணவு, தண்ணீர் அடைத்த பீப்பாய்களைக் கரையேற்றிவிட்டு, கொடி நட்டு வழி குறிப்பார்கள். காற்று திடீரென்று திரும்பினால் படகு வர மணிக்கணக்காகலாம், அதற்குத்தான் பீப்பாய். படகில் ஏறும்போது கையைக் கையால் பற்றக் கூடாது. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்ற வேண்டும். ஈரக் கையுறை நழுவினாலும் பிடி நழுவாது. கரையில் இறங்க, ரப்பர் படகின் விளிம்பான காற்றுக்குழாயில் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, கால்களைப் படகின் பின்பக்கமாகச் சுழற்றி வெளியே விட வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை இங்கே வழிகாட்டியே சொல்வார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே என்று அவர் கைகாட்டிய பிறகே கால்.

பென்குவினுக்கு 5 மீட்டர், ஃபர் சீல் என்னும் கடல்நாய்க்கு 15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பென்குவின் உங்களை நோக்கி வந்தால் நின்றுவிடுங்கள், அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். பனியில் அவை நடந்து நடந்து பள்ளமான பாதைகள் உண்டு, அதன் நடுவே நிற்காதீர்கள். இளகிய பனியில் உங்கள் கால் முழங்கால்வரை புதைந்தால் அந்தக் குழியை மூடிவிட்டுப் போங்கள். குள்ளமான ஜென்டூ பென்குவின் அதற்குள் விழுந்தால் ஏறத் தவிக்கும். இங்கே காலை விட்டவர் நீங்கள், ஆழத்தில் மாட்டுவது அது. நெக்கோ விரிகுடா போன்ற இடங்களில் பனியாறு உடைந்து விழுந்தால் சில நொடிகளில் அலை கரையேறும். ஆகையால் நீர்விளிம்பில் நின்று படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அறிவியல். கூனல் திமிங்கிலத்தின் வால் அடிப்பக்கக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. பயணிகள் எடுத்த படங்களை வைத்தே அவற்றை அடையாளம் காண்கிறார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை இன்னொரு மேடையில் பேசலாம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். வடதுருவத்திலும் இதே கதைதான். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது. பனிக்கரடிக்கு 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் விலகி நிற்க வேண்டும். வடதுருவத் தரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகள் குளிர்காலத்தில் எங்கே வருகின்றன? நம் கோடியக்கரைக்கு! துருவங்களில் உயிரினங்களுக்கு இத்தனை காவல். இங்கே சேற்றுவெளியில் செல்பேசியோடு எத்தனை பேர் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று யாராவது எண்ணுகிறார்களா?

வன அலுவலர் அவர்களே, எங்கள் மன்றம் கேட்பது இவ்வளவுதான். பறவைப் பருவத்தில் இருபது பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற வழிகாட்டி. சேற்றுவெளிக்குள் போகாமல் கொடி நட்ட பாதை. பொழுதுபோக்கு டிரோனுக்குத் தடை. தூரத்துக்கு 5 மீட்டர் விதி இங்கே ஒத்துவராது, உள்ளான் பென்குவின் அல்ல, வெகுதூரத்திலேயே மிரளும். இரை பொறுக்குவதை நிறுத்தித் தலை தூக்கினால் பின்வாங்க வேண்டும் என்று விதி எழுதலாம். வடக்கே திரும்புமுன் மார்ச், ஏப்ரலில் அவை கொழுப்புச் சேர்க்கும் காலம். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். அந்த இரண்டு மாதமாவது முதலில் தொடங்குங்கள்.

கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையொப்பம் மூன்றும் வேண்டும். பள்ளி மாணவர்கள் தனித்தாளில் போடுங்கள். பொருளாளர் அதை மாலையிலேயே அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுவார். வணக்கம்.