நாளை மறுநாள் மழையே சந்தேகம், நாலு மாத மழையைச் சொல்ல முடியுமா?

[திரையில்: ஆலமரம், அதன் நிழலில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்]

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள அறிவியல் புத்தகம் எல்லாவற்றையும் இந்தக் கோடை விடுமுறைக்குள் படித்து முடித்துவிடு, அப்புறம்தான் கல்லூரியில் அறிவியல் பிரிவு என்று ஓர் அப்பா மகனிடம் சொல்கிறார். ஐந்து வருடப் பாடம். அந்த வட்டாரத்துப் பள்ளிகள் எதிலுமே அறிவியல் சொல்லித்தரவில்லை, அதனால்தான் இந்த ஏற்பாடு. பையன் படித்தான், சேர்ந்தான்.

அவர்தான் ஜகதீஷ் சுக்லா. 1944இல் உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டம், மிர்தா என்ற கிராமத்தில் பிறந்தவர். மின்சாரம் கிடையாது, நல்ல சாலை கிடையாது, ஆரம்பப் பாடம் பெரும்பாலும் ஆலமரத்தடியில். பருவமழையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு விஞ்ஞானி எப்படி உருவாகிறார் என்று கேட்பவர்களுக்கு நான் இவருடைய கதையைத்தான் சொல்வேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியா முழுவதற்குமான சராசரி மழை சுமார் 87 சென்டிமீட்டர். இதில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே அது பற்றாக்குறை ஆண்டு. தமிழ்நாட்டுக்குப் பெரிய மழை வடகிழக்கில்தான் வருகிறது, ஆனாலும் குடகில் தென்மேற்கு பொய்த்தால் ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, சுக்லாவின் படிப்புக்கு வருவோம். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல், பிறகு புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் வேலை, அங்கிருந்து அமெரிக்கா. எம்.ஐ.டி.யில் இவருக்கு வழிகாட்டி ஜூல் சார்னி. 1950இல் கம்ப்யூட்டரில் முதன்முதலாக வானிலைக் கணிப்பு போட்டுக் காட்டிய குழுவை நடத்தியவர் அவர். அதே துறையில் எட்வர்ட் லொரென்ஸ். தொடக்கத்தில் ஒரு துளி பிழை இருந்தாலும் அது பெருகிப் பெருகி, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் கணிப்பு மொத்தத்தையும் கெடுத்துவிடும் என்று காட்டியவர்.

[திரையில்: உலக வரைபடம், அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள்]

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வானிலையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மாடல் என்றால் என்ன? பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, காற்றையும் மேல்நோக்கி அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரம், அழுத்தம், காற்றின் வேகம் இவ்வளவு என்று எண்களை வைத்து, இயற்பியல் விதிகளின்படி அடுத்த சில நிமிடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்த விடையிலிருந்து அடுத்த சில நிமிடம், அதிலிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருப்பது. லொரென்ஸ் சொன்ன பிழை இதற்குள்தான் வளர்கிறது. அப்படியானால் இரண்டு வாரத்துக்கு மேல் போக முடியாத ஒரு கணக்கை வைத்து மே மாதத்தில் உட்கார்ந்துகொண்டு செப்டம்பர் வரைக்கும் எப்படிச் சொல்வது?

சுக்லாவின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு விடை தேட அவர் பற்றிக்கொண்ட இழை கடல். காற்று நேற்று இருந்ததை இன்று மறந்துவிடும், கடல் அப்படி இல்லை. சூடேறினால் மாதக்கணக்கில் சூடாகவே இருக்கும். 1975இல் வெளியான ஆய்வில் அவர் மாடலுக்குள் அரபிக்கடலின் மேற்குப் பகுதியைக் குளிர்ச்சியாக்கிப் பார்த்தார், இந்தியாவில் மழை குறைந்தது. அடுத்த ஆண்டு, ஐரோப்பா ஆசியாவில் குளிர்காலப் பனி எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதற்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்பு தெரிகிறது என்று இன்னொரு ஆய்வு. 1981இல் சார்னியும் அவரும் சேர்ந்து விஷயத்தைப் பளிச்சென்று சொன்னார்கள்: எந்தத் தேதியில் எந்த ஊரில் மழை என்று சொல்ல முடியாது, ஆனால் வெப்பமண்டலத்தில் ஒரு பருவத்தின் மொத்தப் போக்கைக் கடலும் நிலமும் பெரிதும் தீர்மானிப்பதால் அதை முன்கூட்டிச் சொல்ல வழி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1998இல் அவர் காட்டிய சோதனை. 1982 டிசம்பர் எல் நினோ காலம், அதாவது வெப்பமண்டல பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாக இருந்த காலம். 1988 டிசம்பர் அதற்கு நேரெதிராக அங்கே குளிர்ந்திருந்த லா நினா காலம். ஒரே ஆண்டின் கடல் வெப்பநிலையை மாடலுக்குக் கொடுத்துவிட்டு, தொடக்கக் காற்று நிலையை மட்டும் ஒரு தடவை இந்த ஆண்டிலிருந்தும் இன்னொரு தடவை அந்த ஆண்டிலிருந்தும் எடுத்தார். தொடக்கம் அவ்வளவு வேறாக இருந்தும் வெப்பமண்டல பசிபிக்கில் மழையும் காற்றும் கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நின்றன.

[திரையில்: 1997, 2002 என்ற இரண்டு எண்கள்]

ஆனால் இந்தியப் பருவமழை அவ்வளவு சுலபமாகப் பிடிகொடுக்கவில்லை. எல் நினோ வந்தால் இங்கே மழை குறைவது பெரும்பாலும் வழக்கம். 1997இல் எல் நினோ மிகக் கடுமை, எல்லாரும் வறட்சி என்று பயந்தார்கள், மழை சராசரியாகவே பெய்தது. 2002இல் எல் நினோ அவ்வளவு பெரிதில்லை, இயல்பான மழை என்று கணிப்பு வந்தது, ஜூலையில் வழக்கமான மழையில் பாதிதான் பெய்தது, பருவம் முழுக்கப் பார்த்தால் 19 சதவீதம் குறைவு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சுலோசனா காட்கில், பசிபிக்கை மட்டும் பார்த்தால் போதாது, நம் இந்தியப் பெருங்கடலில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கே மேகம் கூடுகிறதா மேற்கே கூடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று காட்டினார். பருவமழை பற்றிப் பேசும்போது அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமே இல்லை.

மலையும் ஒரு சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலை பல இடங்களில் 100 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை, கட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மாடலுக்கு மலையே தெரியாது, மலை தெரியாவிட்டால் குடகு மழை எங்கிருந்து வரும்? 2012இல் தொடங்கிய பருவமழைத் திட்டத்தில் இந்தியா பயன்படுத்திய மாடலில் கட்டம் சுமார் 38 கிலோமீட்டர். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் கணிப்பு முறையில் 6 கிலோமீட்டர், அது சில நாள் வானிலைக்கு. கட்டம் சிறிதாகச் சிறிதாகக் கணக்கு மலை மலையாக ஏறும். 1980களின் கடைசியில் வானிலைக்கென்று இந்தியா கிரே என்ற அமெரிக்க நிறுவனத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கி டெல்லியில் தனி மையம் அமைத்தபோது அதை உருவாக்க உதவியவர்களில் சுக்லாவும் ஒருவர். மிர்தாவில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்காக, ஒரு கல்லூரியும் ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறீர்களா? இயற்பியலும் கணிதமும் நன்றாக வேண்டும், புரோகிராம் எழுதப் பழக வேண்டும், நாள் முழுக்க ஓடிய கணக்கு தப்பாக வந்தால் எந்த இடத்தில் தப்பியது என்று தேடும் பொறுமை வேண்டும். நாளில் பெரும்பகுதி அந்தத் தேடலில்தான் போகும்.

மழைக்காகக் காத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் வானிலைத் துறையின் முதல் கணிப்பு வரும்போது பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்று இருக்கும். சராசரி மழையை 100 என்று வைத்து, 96 முதல் 104 வரை இயல்பு என்று வகைப்படுத்துகிறார்கள். 99 என்று சொன்னால் 94ஆகவும் இருக்கலாம், 104ஆகவும் இருக்கலாம். மே கடைசியில் கணிப்பைத் திருத்திச் சொல்லும்போது அந்த 5 பெரும்பாலும் 4 ஆகியிருக்கும்.