அப்பாயிக்கு ஏன் காய்ச்சல் அடிக்கவில்லை?

(தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் பேசியது)

வணக்கம். மழை விட்டபாடில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு லயத்துக் காம்பராவுக்குள் இன்ஃப்ளூயன்சா நுழைந்துவிட்டது என்று வையுங்கள். பேரனுக்கு 103 டிகிரி. இரண்டு நாள் அனத்திவிட்டு, நாலாம் நாள் வாசலில் கிரிக்கெட் ஆடுகிறான். அப்பாயிக்கு 98. "கிழவி கெட்டி, காய்ச்சலே இல்லை" என்று எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். என் சொந்த அப்பாயி விஷயத்தில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. செத்துப்போன தாத்தாவைக் கூப்பிட்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டினார். வயசுக் குழப்பம் என்று விட்டுவிட்டேன். பார்த்தால் நிமோனியா. பிழைத்தார், ஆனால் அப்புறம் கோயில் படி ஏறவில்லை.

காய்ச்சலை மூட்டுவது நம் உடம்புதான். வயதானால் அந்த அடுப்பு சரியாகப் பற்றாது. வழக்கமான சூடே குறைவு. ஆகவே 100 தாண்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவருடைய வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலே அது காய்ச்சல்தான்.

ஏன் இப்படி? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் தேறி வருவது அங்கேதான். பருவமடைந்த பிறகு அது சுருங்கி, மெல்ல மெல்லக் கொழுப்பாகிறது; பாலியல் ஹார்மோன்களுக்கும் அதில் பங்குண்டு. பழைய கிருமியை அடையாளம் தெரிந்த அணுக்கள் மிஞ்சும். புதுக் கிருமி வந்தால் ஆள் தட்டுப்பாடு, இப்போது நம் மலையில் கொழுந்தெடுக்க இருக்கிற மாதிரி.

பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், வைரஸை முதலில் மறிக்கும் இன்டர்ஃபெரானுக்குக் கைகொடுக்கும். மாதவிடாய் நின்றதும் அந்தத் துணை குறைகிறது. முன்வரிசை ஆண்கள் சிரிக்க வேண்டாம். டெஸ்டோஸ்டெரோன் எதிர்ப்பைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் ரகம். கோவிட்டில் ஆண்களின் சாவு கூடியதற்கு அதை மட்டுமே குற்றம் சொல்லவும் முடியாது. சிகரெட்டையும் இதய நோயையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அக்கியைப் பாருங்கள். சின்ன வயதில் போட்ட கொப்புள அம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருக்கும். ஐம்பது வருஷம் கழித்துக் காவல் தளர்ந்ததும், விலாவில் ஒரு பக்கமாக எரிந்துகொண்டு வெளியே வரும்.

அதற்காக இளசுகளுக்குப் பயமில்லை என்று கணக்குப் போடாதீர்கள். 1918 ஃப்ளூ, 20 முதல் 40 வயதுக்காரர்களைத்தான் விசேஷமாக வாரிக்கொண்டு போனது.

சரி, பின்னால் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கம்மா.