மரண அறிவித்தலில் தொடங்குங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து மலாயாவுக்கு வந்த அப்பப்பாவைத் தேடுகிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் தொடங்குங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், பிள்ளைகள், சகோதரர்கள், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர் என்று மூன்று தலைமுறையை நம்மவர்கள் ஒரே பத்தியில் எழுதிவிடுவார்கள். யார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது என்று பாருங்கள். அவர் அந்தத் தேதிக்கு முன்பே போய்விட்டார். அப்புறம் அவருடைய அறிவித்தலை இன்னும் பழைய இதழ்களில் தேடலாம்.

பிறகு டைரக்டரிக்கு, அதாவது உத்தியோகத்தர், கம்பெனி பெயர்களைத் தொகுத்து அச்சிட்ட புத்தகத்துக்கு வாருங்கள். இலங்கைக்குப் பெர்குசன் டைரக்டரி. இங்கே சிங்கப்பூர், மலாயா டைரக்டரிகள். இலாகா வாரியாக, கம்பெனி வாரியாகப் பெயர்கள் இருக்கும். ஓர் ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த ஆண்டுகளையும் புரட்டுங்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் எந்த ஊருக்கு மாற்றலானார், எப்போது பெயர் மறைந்தது என்பது தெரியவரும்.

சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய ஆங்கில நாளேடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-இல் தொடங்கியது. சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் பள்ளி வாரியாக அதில் வந்திருக்கின்றன. அரும்பு மீசை வயதில் உங்கள் தாத்தாவை அங்கே பார்த்துவிடலாம். தேடும்போது பெயரைப் பலவிதமாகப் போட்டுப் பாருங்கள். சின்னத்தம்பியை ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டும் எழுதினார்கள், 'சி' போட்டும் எழுதினார்கள். முன்னெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது தகப்பனாருடைய பெயர். ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தால் அதை வைத்துத்தான் நம்மவரைப் பிரிக்க முடியும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபிறகு அவர்கள் நடத்திய பத்திரிகைதான். பல குடும்பங்களின் நூல் அங்கே அறுந்துவிடும். 1945 செப்டம்பரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் மீண்டும் வந்தது. அதற்குப் பின் வந்த இதழ்களைப் பொறுமையாகப் பாருங்கள். போர்க்காலத்தில் இறந்தவர்களைப் பற்றிய செய்தி தாமதமாக வந்திருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் படித்து உத்தியோகம் பார்த்தவர்களுக்கு. ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் பெயரை டைரக்டரி அச்சிடவில்லை. துரையின் பெயர் இருக்கும், மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர் பெயர் இருக்காது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களில் மிகப் பலருக்கு ஒரு வரி அறிவித்தல்கூட இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் ஆளின் பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அது கட்டாயம் நினைவிருக்கும். தோட்டம் எந்தக் கம்பெனியுடையது என்பதை டைரக்டரி காட்டும். கம்பெனி தெரிந்தால் அதன் பழைய ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரிக்கலாம். உதாரணமாக, ரப்பர் தோட்டங்களை நடத்திய ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனியின் ஆவணங்கள் லண்டன் ஆர்க்கைவ்ஸ் (முன்பு லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ்) என்ற காப்பகத்தில் இருக்கின்றன.