டிராக்டர் ஓட்டுபவருக்கும் ஒரு மின்விசிறி

நேயர்களுக்கு வணக்கம். நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில், ஆந்திரப் பக்கம் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வந்திருக்கிறேன். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வாழ்கிறவர்கள் நாங்கள். கரும்பும் வேர்க்கடலையும்தான் பிழைப்பு. எங்களிடம் ஒரு டிராக்டர் இருக்கிறது. எங்கள் நிலத்து வேலை போக, மீதி நாட்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை மாதம். கரும்பு வெட்டிய நிலத்தில் எங்கள் டிராக்டர் ஓட்டும் தம்பி, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் போட்டுக்கொண்டிருந்தான். மதியம் இரண்டு மணி இருக்கும். வண்டிச் சத்தம் நின்றுவிட்டது. டீசல் தீர்ந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்த கை நடுங்கித் தண்ணீர் மடியெல்லாம் சிந்துகிறது. "அக்கா, கண்ணை இருட்டுகிறது" என்றான், பிறகு வாந்தி எடுத்தான். சட்டையைக் கழற்றி, தலையிலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றி, ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான்.

சாயங்காலம் வண்டியை நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அன்றுதான் எனக்கு விளங்கியது. அதுவரை வெயில்தான் அவனை வாட்டியது என்று எண்ணியிருந்தேன். ஐந்து மணிக்கு மேல் வெயில் தணிந்த பிறகும், இரண்டு முழங்காலுக்குக் கீழே யாரோ அடுப்பு மூட்டி வைத்தது போல் இருந்தது. டிராக்டரின் ரேடியேட்டர் விசிறி முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று ரேடியேட்டரில் சுட்டு, இன்ஜின் மேல் தடவி, நேராக ஓட்டுபவர் மேல் வந்து விழுகிறது. எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உழவு வேலையாக மாறுகிறது. மற்றது ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே போகிறது. காலுக்கு நடுவே கியர்பெட்டி, காலுக்குக் கீழே இரும்புத் தகடு. ரோட்டவேட்டர் போடும்போது வண்டி நடந்து போகிற வேகத்தில்தான் நகரும் என்பதால், ஓட்டத்தால் வரும் காற்றும் கிடையாது. இன்ஜின் சூடாகிவிடக் கூடாதென்று விசிறி வைத்திருக்கிறோம். அது தள்ளும் சூட்டை ஒரு மனிதன் வாங்கிக்கொள்கிறான். "பழகிப்போகும்" என்று சொல்கிற உரிமையாளர்கள் ஒரு கோடை நாள் முழுவதும் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நானும் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதலில் மேற்கூரை போட்டோம். நிழல் இல்லாமல் விசிறி வைத்துப் பயனில்லை. பிறகு பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் ரேடியேட்டர் விசிறி வாங்கி, இருக்கைக்குப் பின்னால் கட்டிப் பார்த்தோம். அது தவறு. மின்சாரத்தை அதிகமாக இழுத்தது, காது அடைத்தது. ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதியை எல்லாம் அள்ளி அவன் பிடரியில் கொட்டியது. அரை நாளில் கழற்றிவிட்டோம்.

சூரிய மின்விளக்கோடு சேர்த்து விற்கிற 12 வோல்ட் விசிறிகள் இருக்கின்றனவே, அவற்றில் 20 வாட் அளவில் இரண்டு வாங்கினோம். இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். முகப்பு விளக்குகள் இரண்டும் எடுப்பதைவிட இது குறைவு. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குப் பாரமே இல்லை. ஆனால் இணைப்பைச் சாவி வழியாகத்தான் எடுக்க வேண்டும். நேரே பேட்டரியில் கொடுத்தால், ராத்திரி அணைக்க மறந்த அன்று காலையில் வண்டி கிளம்பாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டோம். கம்பியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சைலன்சருக்கு எட்டாத பக்கமாகக் கொண்டுபோனோம். டீசல் வண்டியில் உரசித் தோலுரிந்த கம்பி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விசிறிகளை மேற்கூரையின் முன் கம்பிகளில், தலைக்குச் சற்று மேலே, மார்பைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். அந்த உயரத்தில் பானட்டின் சூடும் குறைவு, பின்னால் எழும் புழுதியும் குறைவு. கம்பியில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடவில்லை. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க வேண்டிய இரும்புச் சட்டத்தில் துளை போட்டால் பலம் குறைந்துபோகும். வளையப் பட்டையால் இறுக்கி, நடுவில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினோம். டியூப் வைக்கும்முன், அதிர்விலேயே மூன்று நாளில் இரண்டு நட்டு கழன்று விழுந்திருந்தது.

விசிறிக்கு வலைக்கூண்டு கட்டாயம். எங்கள் பக்கத்தில் தோளில் துண்டு இல்லாமல் வயலுக்குப் போகிற ஆண்பிள்ளை இல்லை. துண்டின் நுனி விசிறியில் மாட்டினால் கழுத்து இழுபடும். இன்ஜின் விசையை ரோட்டவேட்டருக்குக் கொடுக்க, பின்னால் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் உயிரே போகும். அதனால் துண்டைத் தோளில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி, முனையைச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறான்.

அந்த ஈரத் துணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துகிறது, அதனால்தான் உடல் குளிர்கிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறிக் காற்றே உடலைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. திருத்தணி, நகரிப் பக்கம் கத்திரியில் 40 என்பது அபூர்வம் இல்லை. ஆகவே விசிறி இருக்கிறதே என்று நடுப்பகலில் வண்டியை இறக்கக் கூடாது. நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் நிறுத்துகிறோம், மறுபடி நாலு மணிக்குமேல்தான். வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் வேறு வண்டிக்குப் போனார்கள். போகட்டும். வண்டியில் எப்போதும் ஒரு தூக்கு கேழ்வரகுக் கூழும், உப்புப் போட்ட மோரும், இரண்டு குடம் தண்ணீரும் இருக்கும். வியர்வை வற்றினால் விசிறிக்கு வேலை இல்லை.

காலடிச் சூடு மட்டும் இன்னும் தீரவில்லை. கியர்பெட்டியை மூடிவிடாமல், இன்ஜின் பக்கத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒரு துத்தநாகத் தகடு நிறுத்தலாம் என்று தம்பி சொல்கிறான். தகடு வாங்கி வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறேன். கிளட்ச் மிதிக்கும்போது முட்டி இடிக்காமல் இருக்க, அவன் உட்கார்ந்து அளவு சொன்ன பிறகுதான் வெட்ட வேண்டும்.

நன்றி, வணக்கம்.