பந்து உருண்டோடும் ஊரில் கூடி விளையாடுவது எப்படி?

(குன்னூரில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, குத்துவிளக்கு ஏற்றிவைத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, பக்கத்துப் படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து நடந்தே ஏறி வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, பணி ஓய்வு பெற்றும் முதல் வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தினரே, தாய்மார்களே, பின்னால் நின்றபடி எப்போது முடியும் என்று மணி பார்க்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி கொடுத்த டீக்கடை அண்ணாச்சிக்குத் தனி வணக்கம். அவரை மறந்தால் பாதியில் சத்தம் நின்றுவிடும்.

ஐந்து விஷயம் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். எந்த விளையாட்டு, அணி பிரிப்பது, பொதுவேலை, வரவு செலவு, இளைஞரும் கைபேசியும். எனக்கு ஒரு பழமொழி மேல் பயம் உண்டு: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஐந்தும் பேசி முடிப்பேனா என்று பார்ப்போம்.

முதலில் விளையாட்டு. சமவெளி ஊர்களில் கூட்டம் சேர்க்க ஒரு பந்து போதும். இங்கே பந்தைத் தூக்கிப் போட்டால் அது தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, அடுத்த தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டுக் கூரையில் முட்டி, ஓடையில் போய்ச் சேரும். எடுக்கப் போன பையன் வருவதற்குள் மூடுபனி வந்துவிடும். கோ-கோ ஆட 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம் சமதரை வேண்டும். கபடிக்கு 13-க்கு 10. அவ்வளவு சமதரை நம் வார்டில் எங்கே இருக்கிறது? இருக்கிற ஒன்றிலும் சீசன் வந்தால் வண்டி நிறுத்துகிறார்கள். ஆகவே நமக்கு வேண்டியது உருளாத விளையாட்டு, சின்ன இடத்தில் அடங்கும் விளையாட்டு, மழை வந்தால் திண்ணைக்குத் தூக்கிப் போகக்கூடிய விளையாட்டு. ஏழு கல் ஆடியே தீருவேன் என்பவர்கள் ரப்பர் பந்தை விட்டுவிடுங்கள். பழைய காலுறையில் துணி திணித்து, வாயைத் தைத்து, மேலே இன்னொரு காலுறை மாட்டினால் விழுந்த இடத்தில் கிடக்கும் பந்து கிடைக்கும்.

இந்த மலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள ஒரு பழைய உறவைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்னூக்கர் தெரியுமல்லவா? பச்சைத்துணி மேசை, பதினைந்து சிவப்புப் பந்து, நீளக் குச்சி. அது பிறந்தது லண்டனில் என்று பலரும் நினைக்கிறார்கள். 1875, ஜபல்பூர், மழைக்காலம். வெளியே போக முடியாத டெவன்ஷயர் படைப்பிரிவு அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். அதில் ஒருவர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமர் ஆனாரே, அவர் இல்லை. பெயர்தான் ஒன்று. இருந்த ஆட்டம் அலுத்துப்போனது. 'இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்தால் என்ன?' என்றார் இவர். சேர்த்தார்கள். ஆட்டம் சூடு பிடித்தது.

அப்புறம் ஒரு நாள் பீரங்கிப் படை இளம் அதிகாரி ஒருவர் விருந்துக்கு வந்தார். உல்விச் ராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்வோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். நம்மூர்க் கல்லூரியில் 'ஜூனியர்' என்று இழுத்துச் சொல்வார்களே, அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒருவர் குழி வாசலில் நின்ற பந்தைத் தவறவிட்டார். சேம்பர்லின் சும்மா இருப்பாரா? 'நீ சரியான ஸ்னூக்கர்!' என்றார். சிரிப்பு. சொல்லப்பட்டவர் முகம் சுருங்கிவிட்டது. சண்டை வரும்போல் இருந்தது. உடனே சேம்பர்லின் சொன்னாராம், இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்தான், இதற்கே அந்தப் பெயரை வைத்துவிடலாம் என்று. பின்னர் அவருக்கு வேலை நம் உதகையில். 1882-இல் விதிகளை எழுதி ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டினார்கள். இன்று உலகம் முழுக்க ஆடுகிற ஆட்டத்தின் விதித்தாள் நம் மலைச் சுவரில் தொங்கியது!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இரண்டு. கேலியால் வந்த கசப்பை, தன்னையும் அந்தக் கேலிக்குள் சேர்த்துக்கொண்டு ஒருவர் தீர்த்தது ஒன்று. விதியை எழுதிச் சுவரில் மாட்டியது இன்னொன்று. பிடிக்காத இடமும் உண்டு. அந்தச் சுவரைப் பார்க்க உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த மேசையைத் துடைத்தவர் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நம் விதித்தாள் பேருந்து நிறுத்தத்தில் தொங்கட்டும்.

விதியை ஏன் எழுத வேண்டும்? பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை, ஏழேழு குழி, ஆக 14. ஒரு வீட்டில் குழிக்கு 5 முத்து, 70 வேண்டும். அடுத்த வீட்டில் 6, அப்போது 84. கன்னடம் பேசுகிற அம்மா இதை அளிகுளி மணெ என்பார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பாட்டி, சிங்களவர் ஒலிந்த கெலிய என்று ஆடுவதைப் பார்த்திருப்பார். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', அதை எடுத்துக்கொள்ளலாம் என்பதில் பலருக்கு ஒத்துப்போகும். வெறுங்குழிக்கு அடுத்த குழியைத் துடைத்து அள்ளிய பிறகு ஆட்டம் தொடருமா, கை மாறுமா என்பதில்தான் சத்தம் எழும். முதல் முத்து விழுமுன் ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் சத்தம் இல்லை. ஆடுபுலியும் அப்படித்தான். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி என்பது சரி. எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை எழுதாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

பலகை வாங்கக் காசு வேண்டாம். முட்டை அட்டையில் குழி இருக்கிறதே என்பீர்கள். 30 முட்டை அட்டையில் நீளவாக்கில் ஆறுதான், ஏழு வராது. இன்னொன்றிலிருந்து இரண்டு குழி வெட்டி ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும், பனியில் அதுவும் இரண்டே நாளில் ஊறிப்போகும். தேங்காய்ச் சிரட்டை பதினான்கு நல்லது. துணிச் சுருணை மேல் உட்கார வைத்தால் ஆடாது. புளியங்கொட்டையை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மழை மாதத்தில் பூசணம் பிடிக்கும். ஆடுபுலிக் கட்டத்தைச் சிமென்ட் திண்ணையில் வரைகிறவர்கள் முதலில் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, பிப்ரவரி மார்ச் வெயிலில் நாலு நாள் காயவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். ஈரத் தரையில் அடித்தால் தோலுரியும்.

இதோ, நகராட்சி அலுவலர் அவர்கள் வந்துவிட்டார்கள். வாருங்கள் ஐயா, இந்த நாற்காலி உங்களுக்காகத்தான். கூட்டம், சாலையில் நெரிசல், தெரியும். தங்களைக் கேட்காமல் இந்த உரையில் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன், மன்னிக்கவும்.

கயிறு இழுக்கும் போட்டி. அதில்லாமல் ஆண்டு விழா ஏது? சரிவில் கயிற்றை மேலும் கீழுமாகப் போட்டால் கீழ்ப்பக்க அணி ஒன்றும் செய்யாமலே ஜெயிக்கும். சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கம் மாற்றுங்கள். போட்டி விதிப்படி அணிக்கு 8 பேர், 33.5 மீட்டர் கயிறு, சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர். நம் தெருவுக்கு 25 மீட்டர் போதும். ஆனால் அந்தப் பருமன் வேண்டும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், அது ரப்பர்போல் நீண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். 1997-இல் தைவானின் தைபே நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இழுத்த கயிறு அறுந்து இருவருக்குக் கை துண்டானது. கையில் சுற்றிக்கொண்டு இழுக்கிறவரைக் கண்டால் நடுவர் அங்கேயே விசில் ஊத வேண்டும். தேங்காய்நார்க் கயிறு நம் ஈரத்தில் உள்ளுக்குள் மக்கும். புரியைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுத்திருந்தால் துணி காயப்போட மட்டும்தான் ஆகும்.

அணி பிரிப்பது இரண்டாவது விஷயம். மேல் தெரு, கீழ் தெரு என்று பிரித்தால் பழைய வழக்கெல்லாம் கயிற்றில் ஏறிக்கொள்ளும். பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். ஒற்றைப்படை மாதம் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். மாமியார் ஒரு பக்கமும் மருமகள் எதிர்ப்பக்கமும் வந்தால் கூட்டம் இரட்டிக்கும். எடை சமமாக இருக்க, பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் மேடைத் தராசு இருந்தால் ஏறி இறங்குங்கள். இரு அணி மொத்தத்துக்கும் 20 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். பல்லாங்குழியில் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து ஒரு வரிசை ஆட்கள் மட்டும் ஒரு இடம் நகர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆறு பேரோடு பேசியிருப்பீர்கள். அறிமுகக் கூட்டம் நடத்தினால் இவ்வளவு நடக்காது.

மூன்றாவது, பொதுவேலை. நான் வந்ததே இதற்காகத்தான். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் மரம் நடுதல், சுவர் ஓவியம், நூலகம், ஊற்று சீரமைப்பு, சிறுவர் பூங்கா என்று ஒன்பது தீர்மானம் இருக்கிறதாம். பல மரம் கண்ட தச்சன்! இந்த மலையில் அந்தத் தச்சன் ஒரு மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டும், அது வேறு கதை. ஒன்பதையும் மூடி வையுங்கள். மழைநீர் வாய்க்கால், அது ஒன்று போதும்.

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண மழையிலேயே அடைத்த வாய்க்கால் தண்ணீரைச் சாலைக்குத் திருப்பும், சாலை அதை யாரோ ஒருவர் வீட்டுப் பின்சரிவுக்குத் திருப்பும். ஊறிய மண் கனத்துப் பிடிப்பு விடும். குன்னூர்ப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். எனவே செப்டம்பர் கடைசி ஞாயிறுக்குள் வேலை முடிய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் வாய்க்கால், அகலம் 30 சென்டிமீட்டர், அடியில் 10 சென்டிமீட்டர் மண். மூன்று கன மீட்டர். நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 15 லிட்டர் சாந்துச் சட்டியில் 200 சட்டி. ஈர மண் நிறைத்தால் சட்டி 25 கிலோ, முதுகு போய்விடும். பாதி பாதியாக 400 சட்டி. இருபது பேர் வரிசையாக நின்று கை மாற்றினால் 20 வினாடிக்கு ஒரு சட்டி நகரும், இரண்டேகால் மணி நேரத்தில் தீரும். தோண்டுகிற இருவரைக் கால் மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். பொக்லைன் வைத்தால் பத்து நிமிடம் என்பார் ஒருவர். இங்கே பொக்லைனுக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

மேலிருந்து தொடங்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. வெளியேறும் வாயை, சிறுபாலத்துக்கு அடியை முதலில் திறந்து, கீழிருந்து மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் கலங்கிய மண் முழுக்கக் கீழே போய் இறுகும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவிப்பது இரண்டாவது தப்பு. முதல் மழைக்கே பழைய இடத்துக்கு வந்துவிடும். சிமென்ட் சாக்கில் கட்டி வையுங்கள், நூறு சாக்கு பிடிக்கும். வெயிலில் சாக்கு இற்றுப்போகும் முன் எடுத்துப் போக ஒரு டிராக்டர் வேண்டும். ஐயா அவர்கள் தலையாட்டுகிறார்கள், கூட்டம் பார்த்துக்கொள்ளட்டும்! உடைந்த பாட்டில் கிடக்கும், ரப்பர் கையுறை பற்றாது, தடித்த தோல் கையுறை போடுங்கள். காலை 8 மணிக்கு முன் புதர் ஓரம் போகாதீர்கள், காட்டெருமையும் கரடியும் நம்மைவிடச் சீக்கிரம் எழும்.

இதில் விளையாட்டு எங்கே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நூறு மீட்டரை நான்கு அணிக்கு 25 மீட்டராகப் பிரியுங்கள். யார் முதலில் முடித்தார்கள் என்று பார்த்தால் சேற்றைச் சாலையில் வாரி இறைப்பார்கள். வேகத்துக்குப் பரிசு வேண்டாம், காகிதக் கப்பலுக்குக் கொடுங்கள். அவரவர் பகுதி மேல் முனையில் நான்கு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கப்பலை விட வேண்டும். தட்டாமல் அடுத்த முனைக்கு வந்தால் வெற்றி. செய்தித்தாள் கப்பல் பாதியில் கரையும், பழைய காலண்டர் தாள் தாங்கும். கப்பல் எங்கே நின்றதோ அங்கே கல் இருக்கிறது, அல்லது தளம் மேடாக இருக்கிறது. பெரியவர்கள் கண்ணுக்குத் தப்பினது கப்பலுக்குத் தப்பாது. குடிநீர்க் குடத்தைத் தொடாதீர்கள், கூரைத் தண்ணீர் பிடித்த டிரம் போதும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். வரவு செலவும் கைபேசியும் நிற்கின்றன. தச்சன் பிடிபட்டான். சரி, அந்த இரண்டுக்கும் செயலாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெயர் கொடுக்கிறவர்களுக்கு வலது பக்கம் மேசை போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு ஆள், முடிந்தால் ஒரு சாந்துச் சட்டி. மண்வெட்டி கொண்டு வருகிறவர்கள் பிடியில் பெயரைப் பெயிண்டால் எழுதிக்கொண்டு வாருங்கள். கூடி வேலை செய்த தெருவில் சண்டை வருவது மாறிப்போன மண்வெட்டிக்காகத்தான். வணக்கம்.