கன்னியா வெந்நீரும் தோலின் ஒட்சிசனும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா நாட்களில் விரலில் மாட்டும் சிறிய கருவியை நம்மில் பலர் வாங்கி வைத்தோம். 98 என்றால் நிம்மதி. 93 என்றால் வீடே கலங்கும். ஆனால் அது தோலின் ஒட்சிசனை அளப்பதே இல்லை. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரையும் விரலுக்குள் பாய்ச்சி, துடிப்போடு ஏறி இறங்கும் குருதியின் நிறத்தைப் பார்க்கிறது. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்ட வழி அது. தோல் அங்கே வெறும் சன்னல். சன்னல் குளிர்ந்தால் பார்வை மங்கும். விடியற்காலையில் கடலிலிருந்து கரையேறியவரின் ஈரவிரலில் எண் வராமலே போகலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

தோலின் சொந்தக் கணக்கு வேறு. அதைச் சொல்லத் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்த ஏழு கிணறுகளில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினால் உடம்பு சிவக்கிறதல்லவா? சூடு பட்டதும் தோலடியில் உள்ள நுண்குழாய்கள் விரிகின்றன. தோலின் தேவைக்கு மிஞ்சிய குருதி அங்கே வந்து நிறைகிறது. மிஞ்சிய ஒட்சிசன் வெளியே கசிகிறது. 1951இல் பௌம்பெர்கர், குட்ஃபிரண்ட் என்ற இருவர் செய்ததும் ஏறக்குறைய நம் கன்னியாக் குளியல்தான்: 45 பாகை செல்சியஸ் கரைசலில் விரலை அமிழ்த்தி, தோல் வழியே வந்த ஒட்சிசனை அளந்தார்கள். அது நாடிக் குருதியின் அளவை நெருங்கியது. ஊசி குத்தவில்லை. சூடாக்காத தோலின் மேலே அளந்தால் ஏறத்தாழ ஒன்றுமே அகப்படாது.

1970களில் ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் ரெனாட்டே ஹூக், ஆல்பேர்ட் ஹூக் முதலியோர் தானே சூடாகி, தோல் வழியே வரும் ஒட்சிசனை அளக்கும் மின்வாயைப் பச்சிளங் குழந்தைகளின் தோலில் ஒட்டினார்கள். மெல்லிய தோல், அதனால் நம்பகமான எண். வளர்ந்தவர்களின் தடித்த தோலில் எண் இறங்கிவிடும். நல்ல சுகதேகிக்கும் நெஞ்சில் ஓர் அளவு, பாதத்தில் அதைவிடக் குறைந்த அளவு. பாதத்தில் ஒட்சிசனின் அழுத்தம் 50 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. 30க்குக் கீழே போனால் நீரிழிவுக்காரரின் கால் புண் ஆறுவது கடினம். நோயில்லாதவரை அளந்து பழகாமல் இந்த வேறுபாடு பிடிபடாது.

நானும் ஒருமுறை அந்த மின்வாயை என் பாதத்தில் ஒட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் பொறுமையாக இருந்தேன். 150 காட்டியது! இந்த வயதில் இப்படியொரு காலா என்று பூரித்துப்போனேன். கருவியை இயக்கியவர் குனிந்து பார்த்தார். ஒட்டும் வளையம் ஓரத்தில் கிளம்பியிருந்தது.

“ஐயா, இது உங்கள் கால் இல்லை, திருகோணமலைக் காற்று” என்றார்.

மீண்டும் ஒட்டினோம். 54.

நன்றி, வணக்கம்.